கலாதேவி போட்ட பூஜ்ஜியம்

கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல நான் எடுத்த தீர்மானம் எதுவும் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டினதில்ல. காலையில எடுப்பேன். பத்து மணிக்கு நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். பன்னண்டரைக்குத் தட்டு முன்னால உட்காரும்போது அது எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்கே தெரியாது. ஒரே ஒரு தீர்மானம்தான் மாசக்கணக்குல நின்னுச்சு. அதனாலதான் இவ்வளவு சேதாரம்.

விசயம் என்னன்னா, என் சம்சாரம் கலாதேவி ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு முடிய வெட்டப் போறேன்னு சொன்னா.

"எதுக்கு?"

"சும்மாதாங்க. வேர்க்குது."

"ஈப்போவுல என்னைக்கு வேர்க்காம இருந்துச்சு?"

"இப்ப கொஞ்சம் கூட வேர்க்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல நான் அவளை மொதமொதல்ல கவனிச்சதே அந்த முடியாலதான். பால் வெட்டி முடிச்சு அவ தலைத்துணிய அவுத்தா, பின்னல் இடுப்பைத் தாண்டி வந்து விழும். அதைப் பாக்குறதுக்குன்னே நான் ஸ்டோருக்குப் போற வழிய மாத்தி வச்சிருந்தேன். அதைப் போயி வெட்டுறதா?

அப்பத்தான் பாத்தேன். சீப்பு வலது கையில இருந்துச்சு. காது வரைக்கும் போச்சு. அதுக்கு மேல போகல. அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி சீப்பை இடது கைக்கு மாத்திக்கிட்டா.

"தோள் வலிக்குதா கலா?"

"இல்லையே."

அவ 'இல்லையே'ன்னு சொன்னா நம்பக் கூடாது. எங்க பொண்ணு துளசி பொறந்த அன்னைக்கு, "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு, வண்டிய எடுங்க"ன்னுதான் சொன்னா. நான் சட்டை பட்டன் போடுறதுக்குள்ள பிள்ளை வந்துருச்சு. நான் அப்படி இல்ல. எனக்குக் கொசு கடிச்சா மூணு தாமான் குடியிருப்புக்குத் தெரியும்.

சாமி படத்துக்கு முன்னால போயி நின்னேன். "இந்த வலிய விரட்டாட்டி நான் ராமையாவே இல்ல"ன்னு சத்தமாச் சொன்னேன்.

அடுப்படியிலேர்ந்து குரல் வந்துச்சு. "சரி, அந்தத் தேங்காய உடைச்சுக் குடுத்துட்டு யாரா வேணும்னாலும் இருங்க."

அவ இனிப்புநீர் வியாதிக்கு மருந்து வாங்குற கிளினிக்குல நானே போயி முறையிட்டேன். அவங்க கடுதாசி எழுதிக் குடுத்தாங்க, ஈப்போவுல வலிக்குன்னே தனியா இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு. தேதி கிடைக்க நாலு மாசம். அது வரைக்கும் முடியில கத்திரி படக்கூடாதுன்னு கலாகிட்ட வாக்கு வாங்கிக்கிட்டேன்.

அந்த நாளும் வந்துச்சு. கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு புருசன் பேரு என்னன்னு கேட்டுச்சு. கலா வாயத் திறக்கல. எங்காளு என் பேரச் சொல்லவே மாட்டா. கல்யாணம் ஆனதுலேர்ந்து 'என்னங்க'தான். பக்கத்துல திரும்பி, என் சட்டைப் பையில கைய விட்டு, என் ஐசிய எடுத்து அந்தப் பொண்ணு முன்னால வச்சா. அந்தப் பொண்ணு அடையாள அட்டையில இருக்கிற மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துட்டு எழுதிக்கிட்டுச்சு.

டாக்டர் பேரு அனுஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூணு தலைமுறையா ஈப்போதானாம். சின்ன வயசு. அவங்க பேசுற தமிழ் எங்க தோட்டத்துத் தமிழ் மாதிரி இல்ல, ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.

"அம்மா, பூஜ்ஜியம் எண்டா நோவே இல்லை. பத்து எண்டா தாங்கவே ஏலாது. உங்கட தோள் இப்ப எத்தினை?"

"பூஜ்ஜியம்."

டாக்டர் அவ கைய மெதுவாத் தூக்கினாங்க. காது கிட்ட வந்ததும் கை நின்னுருச்சு. கலா பல்லைக் கடிச்சுக்கிட்டா.

"இப்ப?"

"பூஜ்ஜியம்."

"கண்ணில தண்ணி வருதே அம்மா."

"ஏர்கோன் காத்து டாக்டர்."

டாக்டர் என்னைப் பாத்தாங்க. "உங்களுக்கு எப்பிடி அங்கிள்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். இவளைப் பாத்ததுல எட்டு."

டாக்டர் பொறுமையா உட்கார்ந்து விளக்குனாங்க. நாள்பட்ட வலிக்கு ஒரே மருந்துன்னு கிடையாதாம். ராத்திரிக்கு ஒரு மாத்திரை இருக்கு. ஸ்கேன் பாத்துக்கிட்டே தோள்ல போடுற ஊசி இருக்கு. ஒட்டி வைக்கிற கரண்டு மெஷின் இருக்கு. கைய விடுவிக்கிற பயிற்சி இருக்கு. வேலையெல்லாம் ஒரே மூச்சுல செய்யாம பிரிச்சுச் செய்யக் கத்துக்குடுக்கிற வகுப்பு கூட இருக்கு. ஓட்டல்ல மெனு அட்டைய நீட்டுற மாதிரி எல்லாத்தையும் அவங்க நீட்டுறாங்க. எங்காளு பச்சத்தண்ணி போதும்னு உட்கார்ந்திருக்கா.

"எப்ப நோகுது, என்ன செய்யேக்க நோகுது எண்டு தெரிஞ்சாத்தான் எது சரிவரும் எண்டு நான் முடிவெடுக்கலாம். பூஜ்ஜியத்துக்கு நான் என்னத்தை அம்மா குடுக்கிறது?"

கடைசியில ஒரு சின்னப் புத்தகம் குடுத்தாங்க. ஒவ்வொரு நாளும் வலி எத்தனை, அப்ப என்ன வேலைன்னு எழுதி, ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டாரணும். கலா அதை வாங்கிக் கைப்பைக்குள்ள தள்ளுனா. அவ தள்ளுன விதத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது, பதினாலு நாளும் பூஜ்ஜியம்தான். முட்டைக் கடை மாதிரி அடுக்கி வச்சிருப்பா.

நான் கழிவறைக்குப் போற மாதிரி திரும்பிப் போயி, நர்சுகிட்ட இன்னொரு புத்தகம் வாங்கிச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டேன். தீர்மானம் போட்டாச்சு. அவ வலிய நான் எழுதுறேன்.

சாயங்காலம் சிலிபின்ல எங்க வீட்டு முக்குக் கடையில சன்னாசிகிட்ட திட்டத்தைச் சொன்னேன். சன்னாசி பக்கத்து வீட்டுக்காரன். முப்பது வருசச் சிநேகிதம்.

"அவ தோள் வலிக்குறது உனக்கு எப்படி மச்சான் தெரியும்?"

"பாத்தே எழுதிருவேன். நான் யாரு? தோட்டத்து மண்டோருலா."

பொய் இல்ல. இருபத்துநாலு வயசுல நான் சின்ன மண்டோர், கங்காணி மாதிரி. விடியக்காலையில ஆளுங்களை வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறதுக்குப் பெரட்டுன்னு பேரு. பேரு விழுந்தாத்தான் அன்னைக்கு வேலை. நோட்டும் பென்சிலும் என் கையில இருக்கும். சன்னாசிகிட்ட நான் நூறு தடவை சொன்ன கதைய அன்னைக்கும் ஒரு தடவை சொன்னேன். ஒரு நாள் கலாதேவின்னு கூப்பிட்டேன். அவ முன்னால வந்து மெதுவா, தோள் வலிக்குது மண்டோரேன்னா. ரெண்டு பக்கமும் பால் வாளிய மாட்டிக் காண்டாக் கம்பைத் தோள்ல தூக்குற பிள்ளை, வலிக்காம என்ன செய்யும்? எனக்கு மனசு உருகிப்போச்சு. உடனே பேர வெட்டினேன். போயி வீட்டுல படு புள்ளேன்னு அனுப்பிட்டேன்.

"எங்க காதலே அந்த எடத்துலதான் மச்சான் ஆரம்பிச்சுச்சு"ன்னேன்.

"தெரியும்லா. போன வாரமும் சொன்ன."

"நோட்டு விசயம் யாருக்கும் தெரியக் கூடாது."

"சே, நான் ஏன் சொல்லப் போறேன்?"

மறுநாள் காலையில வேலையத் தொடங்குனேன். புத்தகத்தை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டேன். கலா எங்க போனாலும் பின்னாலயே போனேன். பேப்பர் படிக்கிற மாதிரி பாத்தேன்.

பாக்கப் பாக்க எனக்கு என்னமோ ஆச்சு. மிளகாத்தூள் டின்னு மேல் தட்டுலதான் இருக்கும். இப்ப அது அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. துணிக்கொடி என் தலைக்கு மேல கட்டினது. இப்ப நெஞ்சு உயரத்துல தொங்குது. சாமி படத்துக்கு முன்னால மாட்டியிருந்த விளக்கு இப்ப தரையில பலகை மேல உட்கார்ந்திருக்கு. காலண்டர் கூட இடுப்புக்கு வந்துருச்சு. நான் தினம் குனிஞ்சுதான் தேதி கிழிச்சிருக்கேன், ஏன் குனியறேன்னு ஒரு நாளும் யோசிக்கல. வீடே ஒரு முழம் கீழ இறங்கியிருக்கு. அவ கை இறங்க இறங்க வீட்டையும் இறக்கியிருக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

அன்னைக்கு எட்டுன்னு எழுதிட்டு மோட்டார் மேலயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். சொல்றதுல என்ன வெக்கம்.

மூணாவது நாள் அதிசயம் நடந்துச்சு. துணி காயப்போடும்போது கலா, "ஸ்ஸ்"ன்னா.

நான் பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. இந்த ஈரக் கைலிதான் கொஞ்சம் கனமா..."

"குடு, நான் போடுறேன்."

போட்டேன். ஓடிப்போயி ஒம்போதுன்னு எழுதினேன். சந்தோசமாவும் இருந்துச்சு, வேதனையாவும் இருந்துச்சு. மத்தியானம் தேங்கா துருவும்போது "ஸ்ஸ்". நான் துருவினேன். சாயங்காலம் தரை துடைக்கும்போது "ஸ்ஸ்". நான் துடைச்சேன். அடுத்த நாள் பாசாருக்குப் பை தூக்கும்போது. அதுக்கு அடுத்த நாள் மீன் கழுவும்போது. என் புத்தகத்துல ஒம்போதும் பத்துமா நிறைஞ்சிருச்சு. அஞ்சாவது நாள் நான் நைட்டித்துணி பிழிஞ்சுக்கிட்டு இருக்கும்போது சன்னாசி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தான். என்ன மச்சான்னு கூடக் கேக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டான். பாவம், என் நெலமையைப் பாத்து வருத்தப்படுறான்னு நெனச்சேன்.

ஏழாவது நாள் டிவி ரிமோட்டை எடுக்கும்போது "ஸ்ஸ்".

"ரிமோட்டு கூடவா?"

"கை நீட்டணும்லங்க."

அன்னையிலேர்ந்து ரிமோட்டு என் கையில, எந்தச் சேனல்ங்கிறது அவ வாயில.

எட்டாவது நாள் குளிச்சுட்டு வந்தா. முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு சீப்பைக் கையில வச்சு உட்கார்ந்திருந்தா. ஸ்ஸ்ன்னு சொல்லல. சும்மா உட்கார்ந்திருந்தா. அதுதான் எனக்குத் தாங்கல.

"நான் பின்னிவிடட்டா?"

"உங்களுக்கு எங்க பின்னத் தெரியும்?"

"லோரியில தார்ப்பாய் கட்டி ஓட்டினவன்லா நான். முறுக்குறதுதானே."

முக்காலியில உட்கார வச்சு எண்ணெய் தடவுனேன். முடியில பாதி வெள்ளை. எப்ப ஆச்சுன்னு தெரியல. மூணு பிரிவா பிரிச்சா ஒரு பிரிவு ஓடிப்போயிரும், அதைப் புடிச்சா இன்னொண்ணு. பால் வெட்டு முடிஞ்சு வரும்போது இந்தப் பின்னலைத் தூரத்துலேர்ந்து பாத்துக்கிட்டு நின்ன ஆளு நான். இப்பத்தான் மொத தடவையா கையில புடிக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கலா இடது கையப் பின்னால விட்டுத் தடவிப் பாத்தா.

"கோணல்."

"அவுத்துரட்டா?"

"இருக்கட்டும்ங்க."

அந்தக் கோணல் பின்னலோடதான் அன்னைக்குக் கோயிலுக்குப் போனா. அன்னைக்கு நான் புத்தகத்துல எழுத மறந்துட்டேன்.

பதினஞ்சாவது நாள் கிளினிக்குல உட்கார்ந்ததும் என் புத்தகத்தை எடுத்து டாக்டர் மேசையில வச்சேன். "அவ எழுத மாட்டான்னு தெரியும் டாக்டர். நானே பாத்து எழுதிட்டேன்."

டாக்டர் புரட்டினாங்க. "ஒன்பது, ஒன்பது, பத்து. ரிமோட்டுக்கும் பத்தா அங்கிள்?"

"கை நீட்டணும்ல டாக்டர்."

கலா கைப்பையைத் திறந்தா. அவ புத்தகத்தை எடுத்தா. அதுல ஒரு பூஜ்ஜியம் கூட இல்ல. டாக்டர் வாசிக்க வாசிக்க எனக்கு வேர்க்க ஆரம்பிச்சுச்சு.

"முதல் நாள், எட்டு. எல்லா வேலையும் நான். ரெண்டாம் நாள், எட்டு. எல்லா வேலையும் நான். மூண்டாம் நாள், ஏழு. துணி, அவர். தேங்காய், அவர். தரை, அவர், மூலை துடைக்கல. ஐந்தாம் நாள், ஐந்து. மீன், அவர், செதிள் இருக்கு. எட்டாம் நாள், மூன்று. தலை, அவர். கோணல். பரவாயில்லை."

டாக்டர் புத்தகத்தால முகத்தை மறைச்சுக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இதைத்தான் நான் வேலையைப் பிரிச்சுச் செய்யிறது எண்டு சொன்னனான்"ன்னாங்க. பயிற்சிக்கு வாரம் ஒரு தடவை வரணும். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. கை கொஞ்சம் இளகிக் குடுக்க அடுத்த மாசம் ஒரு ஊசி. வீட்டுல இப்ப நடக்கிறது அப்படியே தொடரணும். இதைச் சொல்லும்போது என்னைப் பாத்தாங்க.

"முழுசா மாறும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன் அம்மா. குறையும். கை ஏலுமா வந்தா என்ன செய்ய ஆசை?"

"என் தலைய நானே பின்னணும்."

"அப்ப ஏன் அண்டைக்குப் பூஜ்ஜியம் எண்டு சொன்னனீங்கள்?"

கலா கைப்பைய மூடினா. "தோட்டத்துல ஒரு தடவை வாயத் திறந்து சொன்னேன் டாக்டர். தோள் வலிக்குது, இன்னைக்கு மட்டும் மரம் கம்மியா இருக்கிற நெரயாப் பாத்துக் குடுங்கன்னு மண்டோருகிட்ட கேட்டேன். அவரு முழுசாக் கேக்கல. பேர வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அத்தனை பேரு முன்னால காலி வாளியோட திரும்பி நடந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி யாருகிட்டயும் வலின்னு சொல்லக் கூடாதுன்னு. பத்தொம்போது வயசு. அப்படியே பழகிப்போச்சு."

டாக்டர் முகம் மாறிருச்சு. "ஆர் அந்த மண்டோர்?"

கலா பேரச் சொல்லல. பக்கத்துல திரும்பினா. என் சட்டைப் பையில கைய விட்டா. என் ஐசிய எடுத்து டாக்டர் முன்னால வச்சா.

வீட்டுக்கு வரும்போது கார்ல சொன்னேன். "நான் பாவப்பட்டுத்தான் கலா வெட்டினேன்."

"தெரியும். பாவப்பட்டீங்க. நான் என்ன கேட்டேன்னு கேக்கல."

"இத்தனை வருசமா அந்தக் கதைய ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். நீ பக்கத்துலதான உட்கார்ந்திருப்ப? சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொல்லுவீங்க. எப்படிங்க கெடுக்கிறது?"

சிலிபின் சிவப்பு விளக்குல வண்டி நின்னுச்சு. "நான் நோட்டு எழுதுனது எப்படித் தெரியும்?"

"சன்னாசி அண்ணன் அன்னைக்கு ராத்திரியே குமுதாகிட்ட சொல்லிட்டாரு. குமுதா காலையில வேலிப் பக்கம் வந்து சொல்லிருச்சு."

சன்னாசி பொண்டாட்டிகிட்ட எதையும் மறைக்க மாட்டான்னு எனக்கு எப்படி மறந்துபோச்சு?

"அப்ப அந்த ஸ்ஸ் எல்லாம் நடிப்பா?"

"மொத ரெண்டு மூணு நடிப்புதான். நீங்க பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்தீங்களா, சிரிப்பா வந்துச்சு. அப்புறம் வாயி பழகிருச்சு. நெசமா வலிக்கும்போதும் தானா வந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "வலிக்குதுன்னு சொன்னா ஒரு ஆளு ஓடியாருவாருன்னு எனக்கு யாருங்க சொன்னா?"

பின்னால இருந்தவன் ஹார்ன் அடிச்சான். விளக்கு எப்பவோ பச்சையாயிருச்சு.

"இனிமே சொல்லு கலா. எவ்வளவு சின்ன வலியா இருந்தாலும் சொல்லு. பேர வெட்ட மாட்டேன்."

"சரிங்க." அப்புறம் மெதுவா, "ரிமோட்டு மட்டும் கடைசி வரைக்கும் நடிப்புதான்"ன்னா.

மறுநாள் காலையில ஆறரை இருக்கும். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு முன்வாசலுக்கு வந்தேன். கலா பிளாஸ்டிக் நாற்காலியில நிமிந்து உட்கார்ந்திருந்தா. மடியில டாக்டர் குடுத்த புதுப் புத்தகம், மூணு மாசத்துக்கு உள்ளது. கையில பென்சில்.

"ராமையா."

நான் பின்னால திரும்பி யாருன்னு பாத்தேன். யாரும் இல்ல. முப்பத்தாறு வருசத்துல அவ வாயில என் பேரு வந்ததே இல்ல. எங்கேயோ தோட்டத்துல காத்துக்கிட்டு இருந்த பதில் எனக்குள்ளேர்ந்து தானா வந்துச்சு.

"இருக்கேன்."

"துணி, தரை, தேங்கா. பத்து மணிக்குத் தலை. மூலையெல்லாம் விட்டுப் போகக் கூடாது."

என் குரல். அப்படியே பெரட்டுல நான் பேசுன குரல். எவ்வளவு கவனமாக் கேட்டு வச்சிருக்கா. சரி, கேட்டுத்தான் பாப்போமேன்னு மெதுவா முன்னால வந்தேன்.

"கலா, இன்னைக்கு எனக்கு இடுப்புல ஒரு புடிப்பு. கொஞ்சம் சின்ன நெரயாப் பாத்துக் குடேன்."

"எத்தனை?"

"எட்டு. ஒம்போது கூட இருக்கும்."

அவ தலையாட்டிக்கிட்டே குனிஞ்சு எழுதினா. நான் எட்டிப் பாத்தேன். பூஜ்ஜியம்.